கணினியும் மைக்ரோகன்ட்ரோலரும் பேசிக்கொள்ளாதபோது எங்கிருந்து தேடுவது

கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரைக் கொண்ட ஆர்டுயினோ போன்ற பலகையில் நிரல் பிழையின்றி ஏறிவிட்டது. பலகையிலுள்ள சிறு விளக்கும் மின்னுகிறது. ஆனால் கணினித் திரையில் ஓர் எழுத்துக்கூட வரவில்லை, அல்லது வருவது எந்த மொழியிலும் சேராத குறிகளாக இருக்கிறது. இந்த நிலையில் கொழும்பில் பலர் முதலில் செய்வது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் இன்னொரு பலகை வாங்கி வருவதுதான். புதிய பலகையையும் அதே கேபிளில், அதே கணினியில், அதே அமைப்புகளோடு பொருத்துவதால் பெரும்பாலும் அதே குறையே மீண்டும் தெரியும். பலகை பழுதாவதும் உண்டு. ஆயினும் சந்தேகிக்க வேண்டியவற்றின் வரிசையில் அது கடைசியாகவே நிற்கிறது.

கணினி மென்பொருளிலிருந்து புறப்படும் ஓர் எழுத்து மைக்ரோகன்ட்ரோலரிலுள்ள நிரலைச் சென்றடைய, இயங்குதளத்தின் டிரைவர், யூஎஸ்பி கேபிள், யூஎஸ்பியைச் சீரியலாக (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறையாக) மாற்றும் சிப், அனுப்பும் டிஎக்ஸ், பெறும் ஆர்எக்ஸ் என்னும் இரு கம்பிகள், இறுதியில் மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளே சீரியல் தொடர்பைக் கவனிக்கும் யூஆர்ட் பகுதி ஆகிய அனைத்தையும் கடக்க வேண்டும். இவற்றில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஒரே வெறுமைதான். ஆகையால் வழி முழுவதையும் ஒருங்கே சோதிக்க முயல்வதைவிட, அதை நடுவில் வெட்டி, எந்தப் பாதியில் குறை இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, பிறகு அந்தப் பாதியை மட்டும் ஆராய்வது விரைவாக முடியும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். கேபிளையும் டிரைவரையும், விநாடிக்கு எத்தனை பிட் என்னும் வேகத்தையும் ஒன்றாக மாற்றித் தொடர்பு கிடைத்துவிட்டால், எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

கருவிகளைத் தொடுமுன் குறையின் தன்மையைக் கவனிப்பது நல்லது. எதுவுமே வராதிருப்பது ஒரு வகை; ஏதோ வருகிறது, ஆனால் பொருளற்றதாக வருகிறது என்பது இன்னொரு வகை; சரியாக வந்துகொண்டே இடையிடையே எழுத்துகள் விடுபடுவது மூன்றாவது வகை. மௌனம் பெரும்பாலும் கம்பியையோ டிரைவரையோ சுட்டுகிறது. குப்பை பெரும்பாலும் வேகத்தைச் சுட்டுகிறது. விடுபடல் அநேகமாக நிரல் எழுதியவரின் பக்கத்துக் குறை.

போர்ட் கண்ணுக்குத் தெரிகிறதா?

பலகையைக் கணினியில் செருகும்போதும் கழற்றும்போதும், கணினி சாதனங்களோடு பேசும் வாயில்களான போர்ட்டுகளின் பட்டியலில் ஏதேனும் மாறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டும், லினக்ஸில் டிஎம்இஎஸ்ஜி என்னும் கட்டளையை ஓடவிட்டும் இதைச் செய்யலாம். எந்த மாற்றமும் இல்லையெனில் முதல் சந்தேகம் கேபிள் மீதே விழ வேண்டும். நடைபாதைக் கடைகளில் கைபேசிக்கென்று விற்கப்படும் மலிவான கேபிள்கள் பலவற்றில் மின்சாரம் செல்லும் இரு கம்பிகள் மட்டுமே உள்ளன. தரவுக் கம்பிகள் இல்லை. அவ்வாறான கேபிளில் பலகையின் விளக்கு அழகாக எரியும், கணினிக்கோ எதுவும் செருகப்பட்டதாகவே தெரியாது. அதே கேபிளில் ஒரு கைபேசியைப் பொருத்திப் படம் ஒன்றைக் கணினிக்கு நகலெடுக்க முடிகிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

சாதனம் மஞ்சள் அடையாளத்துடன் தோன்றினால் டிரைவர் இல்லை, அல்லது பொருந்தவில்லை. பலகையிலுள்ள மாற்றிச் சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை உருப்பெருக்கிக் கண்ணாடியிலோ கைபேசிக் கமராவிலோ வாசித்துக்கொள்ளுங்கள். மலிவான ஆர்டுயினோ நானோ பலகைகளில் பெரும்பாலும் சிஎச்340 இருக்கும். ஈஎஸ்பி32 பலகைகள் பலவற்றில் சிபி2102 இருக்கும். அசல் ஆர்டுயினோ யூனோவில் இப்பணியை ஏடிமெகா16யூ2 என்னும் இன்னொரு மைக்ரோகன்ட்ரோலரே செய்கிறது. போலிச் சிப்புகளும் சந்தையில் தாராளமாக உண்டு. எஃப்டிடிஐ நிறுவனம் 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வெளியிட்ட டிரைவர், எஃப்டி232 சிப்பின் போலிகளுக்குள் பதிந்திருந்த அடையாள எண்ணைப் பூச்சியமாக்கியதால், அதுவரை ஒழுங்காக வேலை செய்த மாற்றிகள் பல ஒரே நாளில் மௌனமாயின. பிஎல்2303 சிப்பின் பழைய வகைகளையும் போலிகளையும் புதிய டிரைவர்கள் ஏற்க மறுத்து, '10ஆம் எண் பிழை' என்று காட்டுவதும் இதைப் போன்றதே. இத்தகைய மாற்றியோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு சிப் கொண்ட மாற்றி ஒன்றை வாங்குவது மலிவு என்பது என் கருத்து.

லினக்ஸில் போர்ட் தோன்றியும் திறக்க அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' என்னும் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உபுண்டு 22.04இல் சிஎச்340 செருகிய உடனேயே தோன்றி மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்னும் மென்பொருள் அதைத் தன் சாதனமென நினைத்துப் பிடித்துக்கொள்வதே காரணமாக இருக்கக்கூடும். பிரெய்ல் திரை எதுவும் பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளே வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது: ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டர் திறந்திருக்கையில் பைதான் நிரல் போர்ட்டைத் திறக்க முயன்றால், விண்டோஸ் மறுத்துவிடும், லினக்ஸோ சில வேளைகளில் இரண்டையும் அனுமதித்து, வரும் எழுத்துகளை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துக் குழப்பும்.

வழியை நடுவில் வெட்டும் சோதனை

போர்ட் திறக்கிறது, ஆனாலும் பேச்சு இல்லை என்றால் செய்ய வேண்டிய முதல் சோதனை லூப்பேக். தனியான யூஎஸ்பி மாற்றி என்றால், அதை மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து முற்றாகக் கழற்றி, அதன் டிஎக்ஸ் காலையும் ஆர்எக்ஸ் காலையும் ஒரு ஜம்பர் கம்பியால் இணைத்துவிடுங்கள். கணினி அனுப்பும் ஒவ்வோர் எழுத்தும் இப்போது திரும்பிக் கணினிக்கே வர வேண்டும். யூனோவில் மாற்றி பலகையோடு ஒட்டியே இருப்பதால், ரீசெட் காலைக் கிரவுண்ட் என்னும் 0 வோல்ட் காலுடன் இணைத்து முதன்மைச் சிப்பை உறங்கவைத்துவிட்டு, 0 என்றும் 1 என்றும் எண்ணிட்ட கால்களை ஒன்றோடொன்று இணைத்தால் அதே சோதனை ஆகிவிடும்.

இச்சோதனையில் ஏமாறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. முனைய மென்பொருள்கள் சிலவற்றில், தட்டச்சிடும் எழுத்தை அங்கேயே திரையில் காட்டும் 'லோக்கல் எக்கோ' வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அது இயங்கினால் கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்து தெரியும். எனவே எழுத்து திரும்பி வருவதைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், ஜம்பரைக் கழற்றி, எழுத்து நின்றுபோகிறதா என்றும் பார்க்க வேண்டும். இணைத்தால் வருகிறது, கழற்றினால் நிற்கிறது என்பது உறுதியானால்தான் மென்பொருள், டிரைவர், கேபிள், மாற்றிச் சிப் ஆகிய நான்கும் நலம் என்று சொல்லலாம்.

லூப்பேக் சொல்லாத விடயங்களையும் அறிந்திருக்க வேண்டும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே சிப், ஒரே கடிகாரம் என்பதால், எந்த வேகத்தைத் தெரிவு செய்தாலும் சோதனை வெற்றி பெறும். மைக்ரோகன்ட்ரோலர் வேறு வேகத்தில் இயங்குகிறதா என்பதை அது காட்டாது. மாற்றி 5 வோல்ட்டில் பேசுகிறதா 3.3 வோல்ட்டில் பேசுகிறதா என்பதையும் காட்டாது.

லூப்பேக் தோற்றால் கணினிப் பக்கத்தில் இன்னொரு விடயத்தைப் பாருங்கள். அனுப்புவதை இடையில் நிறுத்தவும் தொடரவும் சொல்லும் 'ஃப்ளோ கன்ட்ரோல்' என்னும் அமைப்பு முற்றாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மினிகாம் போன்ற மென்பொருள்களில் வன்பொருள் வகை இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். அப்போது சிடிஎஸ் என்னும் கம்பியில் அனுமதி கிடைக்கும்வரை கணினி ஓர் எழுத்தையும் அனுப்பாது. டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் என்னும் நமது மூன்று கம்பி இணைப்பில் அக்கம்பியே இல்லாததால் அனுமதி ஒருபோதும் கிடைப்பதில்லை. 'பட்டி' என்னும் முனைய மென்பொருளில் இயல்பாக இருப்பது மென்பொருள் வகை. அதில் 19 என்னும் பைட் வந்தால் அனுப்புவதை நிறுத்து என்றும் 17 வந்தால் தொடர் என்றும் பொருள். எழுத்துகளை மட்டும் அனுப்புகையில் இதனால் தொல்லை வராது. ஆனால் உணரியின் அளவீட்டை எண்ணாகவே அனுப்பும்போது 19 என்னும் மதிப்பு தற்செயலாக வந்தால் தொடர்பு அப்படியே உறைந்து நின்றுவிடும்.

கம்பிகளின் பக்கம்

லூப்பேக் வெற்றி பெற்றும் மைக்ரோகன்ட்ரோலர் பேசவில்லை என்றால் குறை மறுபாதியில் இருக்கிறது. ஒருவரின் டிஎக்ஸ் மற்றவரின் ஆர்எக்ஸுக்குச் செல்ல வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் தொகுதிகள் சிலவற்றில் பெயர்களை மற்றவரின் பார்வையிலிருந்து அச்சிட்டிருப்பார்கள், ஆகையால் அச்சை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். கிரவுண்டுக்கும் அக்காலுக்கும் இடையே 5 அல்லது 3.3 வோல்ட் உறுதியாக நின்றால் அது அனுப்பும் கால். மதிப்பு ஒரு நிலையில் நில்லாது அலைந்தால் பெரும்பாலும் பெறும் கால். கழித்தல் குறியுடன் 5 முதல் 10 வோல்ட் வரை காட்டினால் நீங்கள் தொட்டிருப்பது பழைய கணினிகளின் ஒன்பது கால் ஆர்எஸ்232 இணைப்பை. அதை நேரடியாக மைக்ரோகன்ட்ரோலரில் பொருத்தினால் சிப் எரிந்துபோகலாம். இடையில் மேக்ஸ்3232 போன்ற மட்டமாற்றிச் சிப் அவசியம்.

கிரவுண்ட் கம்பியை இரண்டு பக்கமும் இணைத்தே ஆக வேண்டும். இரு பக்கத்துக்கும் தனித்தனி மின்வழங்கி இருப்பதால் அது தேவையில்லை என்று எண்ணுவோர் உண்டு. மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு என்பதால், பொதுவான புள்ளி இல்லாமல் உயர்வு எது தாழ்வு எது என்று பெறுபவர் அறிய வழியில்லை. இரண்டு கால் பிளக் கொண்ட மடிக்கணினி சார்ஜர்கள் புவித்தொடுப்பு இல்லாதவை. நமது 230 வோல்ட் மின்சாரத்தில் அவற்றின் வெளியீடு மிகச் சிறிய கசிவு மின்னோட்டத்துடன் ஏறத்தாழ அதன் பாதி மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும். உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொடும்போது விரல் நுனியில் உணரும் மெல்லிய அதிர்வு அதுதான். ஆதலால் கிரவுண்ட் கம்பியை முதலில் செருகி, சமிக்ஞைக் கம்பிகளைப் பிறகு செருகும் பழக்கம் சிப்புகளின் ஆயுளைக் காக்கும்.

5 வோல்ட் யூனோவின் டிஎக்ஸை 3.3 வோல்ட் ஈஎஸ்பி32இன் ஆர்எக்ஸுடன் நேரடியாக இணைக்காதீர்கள். 1 கிலோஓம், 2 கிலோஓம் தடையிகள் இரண்டைக் கொண்டு பிரித்தால் 5 வோல்ட் 3.33 ஆகிவிடும். எதிர்த்திசையில், 5 வோல்ட்டில் இயங்கும் ஏடிமெகா328பி 3 வோல்ட்டுக்கு மேற்பட்டதை உயர்நிலையாக ஏற்றுக்கொள்வதால் 3.3 வோல்ட் நேரடியாகவே போதும், மிச்சமிருப்பது 0.3 வோல்ட் மட்டுமே என்பதால் நீண்ட கம்பியில் அதை நம்ப வேண்டாம்.

வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் திறந்த பெட்டியில் கிடக்கும் ஜம்பர் கம்பிகளின் முனைகள் உப்புக் காற்றில் சீக்கிரம் கறுத்துவிடுகின்றன. கம்பியை அசைக்கும்போது தொடர்பு வந்து வந்து போனால், மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் ஒவ்வொரு கம்பியையும் அசைத்துப் பார்த்து, ஐயத்துக்குரியதை உடனே குப்பையில் போட்டுவிடுங்கள். அதை மீண்டும் பெட்டியில் போடுபவர் அடுத்த மாதமும் அதே கம்பியால் அவதிப்படுவார்.

யூனோவிலும் நானோவிலும் 0, 1 ஆகிய கால்கள் யூஎஸ்பி மாற்றியோடும் இணைந்தவை. அங்கே எச்சி05 புளூடூத் தொகுதியைப் பொருத்தி வைத்திருந்தால், இருவர் ஒரே கம்பியில் பேச முயல்வதால் நிரல் ஏற்றுவதே தடைபடும். ஏற்றும்போது அதைக் கழற்றிவிடுங்கள். நானோவில் மட்டும் ஏற்றம் தோற்றால், ஆர்டுயினோ மென்பொருளில் 'பழைய பூட்லோடர்' (சிப்பில் முன்பே இருந்து புதிய நிரலைப் பெற்றுப் பதியும் சிறு நிரல்) என்னும் தெரிவை முயன்று பாருங்கள்; பழையது 57600 வேகத்திலும் புதியது 115200 வேகத்திலும் பேசுகின்றன.

போர்ட்டைத் திறக்கும் செயலே யூனோவை ரீசெட் செய்துவிடுகிறது என்பதும் பலரைக் குழப்பும் விடயம். டிடிஆர் என்னும் கம்பி ஒரு சிறு கொள்ளளவி வழியாக ரீசெட் காலோடு இணைந்திருப்பதால் இது நிகழ்கிறது. பைதான் நிரல் போர்ட்டைத் திறந்த கணமே கட்டளை அனுப்பினால், அப்போது விழித்திருப்பது பூட்லோடர். அது அக்கட்டளையை விழுங்கிவிடும். திறந்தபின் 2 விநாடி காத்திருப்பது எளிய தீர்வு. பலகை தயாரானதும் ஒரு வரி அனுப்பும்படி நிரலை எழுதி, கணினி அவ்வரிக்காகக் காத்திருப்பது அதைவிட நல்ல தீர்வு. ஈஎஸ்பி32 பலகைகளில் டிடிஆர், ஆர்டிஎஸ் ஆகிய இரண்டும் சேர்ந்து ரீசெட்டை இயக்குவதால், இக்கம்பிகளைத் தவறான நிலையில் பிடித்து வைத்திருக்கும் முனைய மென்பொருள் பலகையை நிரந்தரமாக உறங்கவைத்துவிடக் கூடும்.

குப்பை வரும்போது

சீரியல் தொடர்பில் கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. மேடையில் பாடுபவரும் மிருதங்கக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகத் தாளம் எண்ணுவதைப் போல, அனுப்புபவரும் பெறுபவரும் தத்தம் கடிகாரத்தை நம்பி எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பைட்டின் தொடக்கத்திலும் கம்பி தாழ்நிலைக்கு இறங்கும் கணத்தில் பெறுபவர் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியின் நிலையைக் குறித்துக்கொள்கிறார். ஒரு தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், ஒரு முடிவு பிட் என்று மொத்தம் பத்து. இறுதி பிட்டின் நடுவை அவர் அடையும்போது ஒன்பதரை பிட் நேரம் கடந்திருக்கும். அங்கே அரை பிட்டுக்கு மேல் பிசகினால் பக்கத்து பிட்டை வாசித்துவிடுவார். அரையை ஒன்பதரையால் வகுத்தால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். இது இருவரின் பிழையும் சேர்ந்த எல்லை. நடைமுறையில் ஒவ்வொருவரும் 2 சதவீதத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு.

வேகம் பொருந்தவில்லை என்று ஊகித்தால் கண்மூடித்தனமாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தேவையில்லை. மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து விநாடிக்குப் பத்து எழுத்து மட்டும் அனுப்பி, கணினிக்கு எத்தனை பைட் வருகிறது என்று எண்ணுங்கள். அனுப்பியதைவிட அதிகமாக வந்து, அவற்றில் பூச்சியங்கள் நிறைந்திருந்தால் கணினியின் வேகம் மிக அதிகம். குறைவாக வந்தால், பல எழுத்துகள் ஒன்றாகக் கலந்து வாசிக்கப்படுகின்றன. கணினியின் வேகம் குறைவு. ஆனால் எழுத்துகளை இடைவெளி விட்டு அனுப்பினால் இரண்டாவது அடையாளம் மறைந்துவிடும், எனவே பத்தையும் அடுத்தடுத்துச் சேர்த்து அனுப்புவது நல்லது.

வேகத்தை நேராக அளக்க விரும்பினால் ஆங்கிலத்தின் பெரிய 'யூ' எழுத்தை இடைவிடாமல் அனுப்புங்கள். அதன் ஆஸ்கி எண் 85; இரும எண்ணில் எழுதினால் ஒன்றும் பூச்சியமும் மாறி மாறி வரும். தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்ந்து அது குறையற்ற சதுர அலை ஆகிவிடுகிறது. 9600 வேகத்தில் இவ்வலையின் அதிர்வெண் 4800 ஹேர்ட்ஸ்; அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரே இதைக் காட்டிவிடும். அவ்வசதி இல்லாத மீட்டரிலும், 5 வோல்ட்டில் நின்ற கம்பி அனுப்பத் தொடங்கியதும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கு இறங்குவதைக் கொண்டு, குறைந்தது ஏதோ புறப்படுகிறது என்பதையாவது உறுதி செய்யலாம். அலைகாட்டியோ, எட்டுத் தடம் கொண்ட மலிவான லாஜிக் அனலைசரோ கையில் இருந்தால் மிக ஒடுங்கிய பிட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்: 104 மைக்ரோவிநாடி என்றால் 9600, 8.7 என்றால் 115200.

அளந்த வேகம் எதிர்பார்த்ததில் சரியாகப் பாதி என்றால் காரணம் வெளிப்படை. நிரலைத் தொகுக்கும்போது 16 மெகாஹேர்ட்ஸ் என்று சொல்லியிருக்கிறீர்கள். சிப்போ 8இல் ஓடுகிறது. கடையில் வாங்கிய புதிய ஏடிமெகா328பி சிப், கடிகாரத் துடிப்பு தரும் தன் உள் அலையாக்கியின் 8 மெகாஹேர்ட்ஸையும் எட்டால் வகுத்து 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும்படியே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதன் ஃபியூஸ்கள் என்னும் உள்ளமைப்புகளை மாற்றாமல் யூனோவுக்கான நிரலை ஏற்றினால் 9600 என்று நினைத்தது 600 ஆகிவிடும். அவ்வுள் அலையாக்கியின் தொழிற்சாலைத் துல்லியம் 10 சதவீதம் வரை பிசகலாம் என்றே உற்பத்தியாளரின் தரவுத்தாள் சொல்கிறது. மேலே கண்ட எல்லையோடு ஒப்பிட்டால், சீரியல் தொடர்புக்குத் துல்லியமான துடிப்பு தரும் வெளிப் படிகம் ஏன் தேவை என்பது விளங்கும். மேசையில் வேலை செய்த கருவி தகரக் கூரையின் கீழ் மதிய வெயிலில் குப்பை அனுப்பத் தொடங்கினால் உள் அலையாக்கியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

படிகம் இருந்தும் சில வேகங்கள் சரியாக அமைவதில்லை. மைக்ரோகன்ட்ரோலர் தன் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்தே வேகத்தை உண்டாக்குகிறது. 16 மெகாஹேர்ட்ஸிலிருந்து 115200ஐப் பெற முயன்றால் கிடைப்பது 117647, 2.1 சதவீதப் பிழை. யூனோவின் மாற்றிச் சிப்பும் 16 மெகாஹேர்ட்ஸில் அதே வகுத்தலைச் செய்வதால் இருவரின் பிழையும் ஒரே திசையில் ஒத்துப்போய், குறை மறைந்துகிடக்கிறது. அதே நிரலைத் தனிச் சிப்பில் ஏற்றி வேறு மாற்றியுடன் இணைக்கும்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து பிழைக்கத் தொடங்கும். 38400 வேகத்தில் பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. 250000 வேகத்தில் பிழையே இல்லை. 8051 வகை மைக்ரோகன்ட்ரோலர் கொண்ட பழைய பலகைகளில் 11.0592 மெகாஹேர்ட்ஸ் என்னும் விசித்திரமான எண் கொண்ட படிகம் இருப்பதும் இதற்காகத்தான். அது வழக்கமான வேகங்களுக்கு மீதியின்றி வகுபடும்.

ஈஎஸ்பி8266 பலகை இயங்கத் தொடங்கும்போது மட்டும் ஒரு வரி குப்பை வந்து, பிறகு எல்லாம் சரியாகிவிட்டால் கவலைப்பட வேண்டாம். அதன் உள் நிரல் 40 மெகாஹேர்ட்ஸ் படிகத்தை எதிர்பார்த்து 115200இல் பேச முயல்கிறது; பலகையில் இருப்பது 26 என்பதால் அது 74880 ஆகிவிடுகிறது. அவ்வேகத்தைத் தெரிவு செய்தால் அந்த வரியையும் வாசிக்கலாம். பலகை ஏன் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது என்பதைக் கண்டறிய அது உதவும்.

தமிழ் எழுத்துகளை அனுப்பும்போது

ஆங்கிலம் சரியாக வந்து தமிழ் மட்டும் சிதைந்தால் வேகத்தைத் தொடாதீர்கள். யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கிறது. 'அ' என்பது 224, 174, 133 என்று பயணிக்கிறது. பெறும் மென்பொருள் அதை ஒற்றை பைட் எழுத்துகளாக எண்ணினால், தலையில் கோடிட்ட ஒரு லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட இன்னோர் எழுத்தும் திரும்பத் திரும்ப வரும். முனையத்தின் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்8 என்று மாற்றினால் போதும். தரவு பிட்டுகளின் எண்ணிக்கை எட்டுக்குப் பதில் ஏழு என்று இருந்தாலும் ஆங்கிலம் பிழைத்து, தமிழ் அழிந்துவிடும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் 15 பைட் என்பதால், நிரலில் 10 பைட்டுக்கு இடம் ஒதுக்கியவர்கள் பாதிச் சொல்லோடு நிற்பதும் உண்டு.

எழுத்துகள் விடுபடும்போது

வரும் எழுத்துகளை நிரல் எடுக்கும்வரை வைத்திருக்கும் ஆர்டுயினோ யூனோவின் பெறும் தாங்கியில் 64 பைட்டுக்கே இடமுண்டு. 9600 வேகத்தில் அது 66 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். 115200 வேகத்தில் 6 மில்லிவிநாடிகூடத் தாங்காது. நிரலின் நடுவே ஒரு விநாடி காத்திருக்கும்படி எழுதிவிட்டு, வந்த செய்தியில் பாதி எங்கே போயிற்று என்று கேட்பதில் பயனில்லை. காத்திருப்பை நீக்கி, ஒவ்வொரு சுற்றிலும் தாங்கியைக் காலி செய்யும்படி நிரலை மாற்றி எழுதுங்கள்.

ஓடும் வேலையை நிறுத்தி, வந்த எழுத்தை எடுத்து வைக்கச் செய்யும் இடைமறிப்புகளை நிறுத்திவைக்கும் நூலகங்களும் (ஆயத்த நிரல் தொகுப்புகளும்) இக்குறையை உண்டாக்கும். வெசாக் கூடுகளுக்கென்று நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812 எல்ஈடி நாடாக்களைக் கணினியிலிருந்து இயக்குபவர்கள் இதைத் தவறாமல் சந்திப்பார்கள். ஒவ்வொரு எல்ஈடிக்கும் 30 மைக்ரோவிநாடி என்றால் நூறு எல்ஈடிக்கு 3 மில்லிவிநாடி. அவ்வளவு நேரமும் யூனோவின் சிப் வரும் எழுத்துகளை எடுத்து வைக்க ஆளில்லாமல் கிடக்கிறது, 115200 வேகத்தில் அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட பைட் வந்துவிடுகிறது. நாடாவைப் புதுப்பித்து முடிந்ததும் பலகை ஒரு பைட் அனுப்பி அனுமதி தரட்டும். கணினி அதற்குப் பிறகே அடுத்த தொகுதியை அனுப்பட்டும்.

வரி முடிவுக் குறியும் தொல்லை தரும். கணினி 10 என்னும் பைட்டை அனுப்ப, பலகை 13க்காகக் காத்திருந்தால், வெளியில் தெரிவது ஒரு விநாடி தாமதமோ முழு மௌனமோதான். எச்சி05 தொகுதியின் கட்டளை நிலைக்கு 38400 வேகமும் இரண்டு குறிகளும் சேர்ந்தே தேவை. சந்தேகம் வந்தால் எழுத்துகளைப் பார்க்காமல், வரும் ஒவ்வொரு பைட்டின் எண் மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள்.

கம்பி நீளும்போது

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மொட்டைமாடி நீர்த்தாங்கியின் மட்டத்தைக் கீழ்த்தளத்துக் கணினியில் காண விரும்புவோர், மேசையில் வேலை செய்த அதே மூன்று கம்பிகளை 25 மீற்றர் நீட்டிவிட்டுத் தடுமாறுகிறார்கள். யூஎஸ்பி கேபிளை நீட்டுவதும் உதவாது. அதன் எல்லை 5 மீற்றர். இத்தகைய தூரத்துக்கு உரியது ஆர்எஸ்485. முறுக்கிய இரு கம்பிகளின் வேறுபாட்டில் செய்தி செல்வதால், வெளியிரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி நீங்கிவிடுகிறது. குறைந்த வேகத்தில் 1200 மீற்றர் வரையும் போகலாம். மேக்ஸ்485 தொகுதிகள் இரண்டும் சாதாரண வலைப்பின்னல் கேபிளும் போதும். கேபிளின் இரு முனைகளில் மட்டும் 120 ஓம் தடையிகளை வையுங்கள்.

இங்கும் மௌனம் வந்தால் ஏ, பி என்னும் கம்பிகளை மாற்றிப் பொருத்திப் பாருங்கள். உற்பத்தியாளர்களிடையே இப்பெயர்களில் ஒற்றுமை இல்லை, மாற்றுவதால் சேதமும் இல்லை. செய்தியின் கடைசி எழுத்து மட்டும் சிதைந்தால், கடைசி பிட் வெளியேறுமுன் நிரல் அனுப்பும் திசையை மூடிவிடுகிறது என்று பொருள். ஆர்டுயினோவில், எல்லாம் அனுப்பி முடியும்வரை காத்திருக்கும் ஃப்ளஷ் என்னும் கட்டளையை அழைத்து, அது முடிந்தபின், அனுப்புவதா பெறுவதா என்று தெரிவு செய்யும் திசைக் காலைத் தாழ்த்துங்கள்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமுழக்கத்தில் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் நீண்ட கம்பி, அருகில் விழும் மின்னலின் தூண்டலை நேரே கணினிவரை கொண்டுவரும். மின் இணைப்பின்றி ஒளி வழியே செய்தியைக் கடத்தும் ஆப்டோகப்ளர் கொண்டு பிரிக்கப்பட்ட யூஎஸ்பி மாற்றியைக் கணினிப் பக்கத்தில் வைப்பதும், இரு முனைகளிலும் எஸ்எம்712 போன்ற காப்பு டயோடுகளை வைப்பதும் சேதத்தைக் குறைக்கும். நேரடி மின்னலுக்கு இவை ஈடாகா, ஆகையால் வானம் இருளும்போது கேபிளைக் கழற்றிவிடுவதே நல்லது. மேக்ஸ்485 சிப்பை ஈயத்தால் ஒட்டிவிடாமல் எட்டுக் கால் சொக்கெட்டில் பொருத்தி, உதிரிச் சிப்புகள் சிலவற்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால், இடிமழைக்கு மறுநாள் தொடர்பு மௌனமாகும்போது முதலில் அதை மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தேடலாம்.